ஹமாகோ விரல்விட்டு எண்ணுகிறாள்

ஜனவரி 14, திங்கள்

குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பாத்திரம் தேய்ப்பதை மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வருஷம் பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டால் டைரியை யாரும் சீந்துவதில்லை போலிருக்கிறது. கடைக்காரர் இதை ஒரு மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்தார். எனக்கு அது போதும். தமிழில்தான் எழுதப்போகிறேன். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் பூட்டு வாங்கும் வேலை மிச்சம்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திரும்பி ரயிலில் வரும்போது அந்தப் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டில் இப்போது அதற்குக் 'கை' என்று பெயர். 'இன்னிக்குக் கை எப்படி இருக்கு?' என்று கேட்டால் முடிந்தது.

அவர் என்பது என் கணவர் நிஷிதானி குனிஹிகோ. முப்பது வருஷமாகத் தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்கு வரைகிறவர். 'ஆவி பறக்கும் வீடு' என்று சனிக்கிழமை மாலையில் ஒரு தொடர். ஊருக்குப் பொதுவான வெந்நீர்க் குளியலகம், அதை நடத்தும் குடும்பம், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஹமாகோ. ஒரு வாரக் கதையைப் பல பேர் துண்டு துண்டாகப் பிரித்து வரைவார்கள். ஆளுக்கொரு ஹமாகோ வந்து நிற்பாள். ஒருத்திக்கு மூக்கு நீளம், ஒருத்திக்குக் கன்னம் ஒட்டியிருக்கும். அந்தப் படங்களின் மேல் மெல்லிய மஞ்சள் தாளைப் போட்டுத் திருத்தி, எல்லாரையும் ஒரே ஹமாகோவாக ஆக்குவதுதான் இவருடைய வேலை, அதற்கு மேற்பார்வை என்று பெயர். இவரைப் போல இன்னும் இரண்டு பேர் உண்டு, முறை வைத்துச் செய்கிறார்கள்.

இஷிகுரோ-சான் வந்து போனாள். 'சான்' என்பது இங்கே பெயரோடு ஒட்டும் மரியாதை. ஸ்டூடியோவிலிருந்து உறைகளைக் கொண்டுவந்து கொடுத்து, முடிந்ததை வாங்கிப்போகிறவள். என் வயசுதான் இருக்கும். போகும்போது அவரைப் பார்த்து 'ஒட்சுகாரேசமா' என்று குனிந்தாள். களைத்திருப்பீர்கள் என்று அர்த்தம். வேலை முடித்துப் பிரிகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. என்னிடம் 'தொந்தரவு கொடுத்துட்டேன்' என்று சொல்லிக் குனிந்தாள். சரிதான், நான் வீட்டுக்காரி. பென்சில் சீவுகிறேன், அழிப்பான் தூளைப் பெருக்குகிறேன்.

ஜனவரி 17

பனி. துணி காயவில்லை.

ஜனவரி 22, செவ்வாய்

மாத்திரை போட்டதும் கொஞ்ச நேரம் கை நன்றாக இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து வரைகிறார். பிறகு தூக்கம் வந்துவிடுகிறது. வேலை நடுவே பகலில் தூங்குகிற மனிதராக அவரை நான் பார்த்ததில்லை.

மேசையைத் துடைக்கப் போனவள் மஞ்சள் தாள்களைப் பார்த்தேன். கோடுகளில் பிசிறு. ஹமாகோவுக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று தாளில் கோட்டை மட்டும் லேசாகச் சுத்தம் செய்தேன். தூசி தட்டுகிற மாதிரிதான்.

எனக்கும் இந்தத் தொழில் தெரியாமல் இல்லை. சாலிகிராமத்தில் ஒரு கம்பெனி ஜப்பான் தொடர்களுக்கு இடைப்படங்கள் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கை மேசையில் இருப்பது ஒரு படம், தலைக்கு மேல் இருப்பது ஒரு படம் என்றால், நடுவில் வருவதெல்லாம் எங்கள் பாடு. அங்கே மேற்பார்க்க வந்தவர்தான் இவர். ஹாலில் இருந்தவர்களில் என் படங்களைத்தான் அதிகமாகத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பழிவாங்கத்தான் கட்டிக்கொண்டேன் என்று அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 26, சனி

இன்று அவர் முறையில் வந்த கதை. சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் பார்த்தார். கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது நான் எழுந்தால் அவருக்குப் பிடிக்காது. 'பேர் போட்டு முடியற வரைக்கும் படம் முடியல' என்பார். நிஷிதானி குனிஹிகோ என்று வந்து போகிறது, கண் சிமிட்டும் நேரம். அதற்குப் பிறகுதான் சோறு இறங்கும்.

இன்று வந்தது போன இலையுதிர் காலத்தில் வரைந்தது. வரைந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் திரைக்கு வரும். திரையில் அவர் கை இன்னும் திடமாக இருக்கிறது. ஹமாகோவின் புருவத்தைப் பார்த்துக்கொண்டே, 'இது நல்ல கோடு' என்றார், வேறு யாரோ வரைந்ததைச் சொல்வது போல. ஊறுகாய் எடுக்கப் போனேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

மாத்திரை அடுத்த ஆஸ்பத்திரி நாள் வரை வருமா என்று பார்த்தேன். கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "மந்திரம் சொல்றியா, ஷெம்பா?"

செண்பகவல்லி அவர் வாயில் நுழையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஷெம்பா. நான் அவரை 'என்னங்க' என்று கூப்பிடுவேன். அது அவருடைய செல்லப்பெயர் என்று ஸ்டூடியோவில் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணும்போதெல்லாம் இதே மந்திரக் கேலிதான். இந்த ஊர்க்காரர்கள் எண்ணினால் உள்ளங்கையை விரித்து, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடக்குவார்கள். ஐந்துக்கு மேல் போனால் மடக்கினதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். நம்முடையதில் ஒரு கைக்குள் எவ்வளவோ அடங்கும். இந்த வாதத்தில் மட்டும் நான் தோற்றதே இல்லை.

கோவில்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"ஏட்டி, குரலு ஏன் கம்மிருக்கு? வேலை சாஸ்தியா?"

"இல்லக்கா. அவுகளுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுதேன். கோட்டைச் சரிபண்ணுதது, அவ்வளவுதான்."

"அது அவுகளுக்குத் தெரியுமா?"

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

இந்த முறை உறைகள் தடிமனாக வந்திருக்கின்றன. இஷிகுரோ-சான் இரண்டு நாள் முன்னதாகவே வந்து நின்றாள். மாத்திரையின் அசதியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கொடுப்பதற்கு முன் எல்லாத் தாளையும் ஒருமுறை விரலால் புரட்டிப் பார்ப்பார். அப்படிப் புரட்டினால்தான் படம் அசைவது தெரியும். இன்று எழுப்ப மனம் வரவில்லை. அவளை அடுக்களையில் உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒரு ஷாட்டை நானே முடித்தேன்.

அதில், குளிக்கப் போனவர்களில் ஒரு கிழவர் திரும்பி வரவில்லை என்று ஹமாகோவுக்குச் சந்தேகம். கல்லாவில் உட்கார்ந்தபடி, உள்ளே போனவர்களை விரல்விட்டு எண்ணுகிறாள். வரைந்து அனுப்பியிருந்த ஆள் கையை வாழைப்பழச் சீப்பாகப் போட்டிருந்தார். அதன் மேல் இவர் போட்ட மஞ்சள் தாளில் விரல்களே பிரியவில்லை. முகத்தை மட்டும் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தேன், கையும் சரியில்லை, அதையும் செய்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு கை தானாகவே ஓடியது. கவலையோடு எண்ணுகிற பெண் எப்படி எண்ணுவாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இஷிகுரோ-சான் வாசலில் நின்று, உள் அறை இருந்த பக்கம் பார்த்து 'ஒட்சுகாரேசமா' என்று குனிந்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 20

முதுகு.

மார்ச் 8, வெள்ளி

இன்று ஒன்று நடந்தது. நேற்று முடித்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ஹமாகோவின் பையன் ஈரத் தரையில் வழுக்கி விழுகிற இடம். திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"நேத்து கை நல்லா இருந்திருக்கு," என்றார். "நல்லா வந்திருக்கு பார்."

பார்த்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் அவரே கடைக்குப் போய் எனக்குப் பிடித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கிவந்தார். சுட்டுத் தின்றோம். நெடுநாளைக்குப் பிறகு அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தச் சாயங்காலத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

மார்ச் 21

இதில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. கோட்டை மட்டும் என்று எழுதியிருக்கிறேன். கோடு மட்டும் இல்லை. அவர் திருத்தி வைத்துவிட்டுத் தூங்கினதும், அவருடைய மஞ்சள் தாளை எடுத்துவிட்டு வேறு தாள் போட்டு முதலிலிருந்து நான் வரைகிறேன். அவர் போட்டதைப் பார்ப்பதுகூட இல்லை. பார்த்தால் அழுகை வருகிறது, அழுதால் வேலை நிற்கிறது.

எடுத்த தாள்களை எரிக்கப் போகும் குப்பையோடு போட முடியவில்லை. ஊருக்குப் போகும் பெரிய சூட்கேஸில் போட்டு வைக்கிறேன். அதை அவர் திறக்க மாட்டார்.

ஏப்ரல் 6, சனி

செர்ரி பூத்திருக்கிறது என்று எல்லோரும் கால்வாய்க் கரைக்குப் போனார்கள். எங்களுக்கு உறைகள். அவர் ஜன்னலைத் திறந்து வைத்து, 'இங்கேர்ந்தே தெரியுது' என்றார். தெரிந்தது மின்கம்பம். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 27, சனி

எழுதவா வேண்டாமா என்று நேரம் போய்க்கொண்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

இன்று அவர் முறைக் கதை. மொச்சைக் குழம்பு வைத்திருந்தேன். அவர் தரையில் குட்டை மேசைக்கு முன்னால், நான் பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு. கிழவர் குளிக்க வந்தார், உள்ளே போனார். ஹமாகோ வெளியே வருகிறவர்களைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கினாள். கட்டைவிரலால் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டாள், நடுக்கணு, மேற்கணு. மோதிரவிரலின் அடிக்கணு, நடுக்கணு.

கத்தி என் கையில் அப்படியே நின்றது.

ஜப்பானில் எந்தக் குளியலகத்துக் கல்லாவிலும் எந்தப் பெண்ணும் அப்படி எண்ணியிருக்க மாட்டாள். கோவில்பட்டியில் என் அம்மா எண்ணுவாள், அக்கா எண்ணுவாள், நான் எண்ணுவேன். அந்தக் கை என் கை. விரல் நுனி கொஞ்சம் வளைந்திருப்பதுகூட என்னுடையதுதான்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பிறகு திரைக்கே திரும்பிவிட்டார். கிழவர் வெந்நீரில் தூங்கிப்போயிருந்தார், காப்பாற்றிவிட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள். பெயர்கள் ஓடின. நிஷிதானி குனிஹிகோ என்று வருவதற்கு முன்னால் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மொச்சைக் குழம்பு அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 28

பேசவில்லை.

ஏப்ரல் 30

குப்பை போட்டேன். பால் வாங்கினேன். 'உப்பு' என்று கேட்டார், கொடுத்தேன். இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

மே 7, செவ்வாய்

விடுமுறை முடிந்த முதல் நாளே ஹதானோ-சான் போன் செய்தார். தொடரின் இயக்குநர். இவருக்குப் போனைக் காதில் பிடிக்கக் கை நிற்பதில்லை என்பதால் மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போடுவோம். அதனால் எல்லாம் என் காதிலும் விழுந்தது.

"நிஷிதானி-சான், அந்த எண்ற ஷாட். பார்த்தவங்க நிறைய பேர் எழுதிக் கேட்டிருக்காங்க. ஹமாகோ என்ன பண்றா, ஜபமான்னு. சத்தியமா எனக்கே தெரியல. தாள் இங்க வந்தப்பவே ஸ்டூடியோ பையன்கள் கேட்டானுங்க. நிஷிதானி-சான் பண்ணியிருந்தா காரணம் இருக்கும்னு நான்தான் விடச் சொன்னேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதற்குத்தான் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தோமா? மேசைக்கு எதிரே போய் நின்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். மனைவியிடம் பார்த்தது என்று சொல்லுங்கள் என்று உதட்டை அசைத்தேன். பொய்கூட இல்லை அது. தினமும் என்னிடம் பார்க்கிறதுதானே? ஹமாகோ சின்ன வயசில் யாரோ வெளியூர்க்காரியிடம் கற்றுக்கொண்டாள் என்று ஹதானோ-சான் ஒரு கதையே பண்ணிவிடுவார். எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஹதானோ-சான், அது என் கோடு இல்ல."

"என்னது?"

"என் மனைவி வரைஞ்சது. அது ஒண்ணு மட்டும் இல்ல. எப்போலேர்ந்துன்னு எனக்கே தெரியாது. விசாரிச்சுச் சொல்றேன்."

அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' என்று மட்டும் வந்தது.

போன் அணைந்ததும் விசாரணை.

"எப்போலேர்ந்து?"

"ஜனவரி. முதல்ல கோடு மட்டும்."

"அப்புறம்?"

"முகம்."

"அப்புறம்?"

"எல்லாம்."

அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். மார்ச் மாதம் அந்தப் பையன் வழுக்கி விழுந்தது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன்.

"நல்லாத்தான் இருந்துது," என்றார்.

மே 8, புதன்

எனக்குக் கோபம். நேற்று அவர் முகத்தைப் பார்த்து வாயை அடக்கிக்கொண்டேன், இன்று காலையில் அடங்கவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

"என்கிட்ட பார்த்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. அந்தப் பேரைக் காப்பாத்தத்தானே முதுகொடிய உக்காந்தேன்? உங்களுக்காக நான் பண்ணினதை என்னைக் கேக்காம நீங்க எப்படிப் போட்டு உடைக்கலாம்?"

"நீ என்னைக் கேட்டியா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

இப்படி ஒரு மனிதரிடம் என்ன சண்டை போடுவது? ஆனால் அவரே தொடர்ந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"முப்பது வருஷமா மத்தவங்க வரைஞ்சதைத் திருத்தியிருக்கேன். பார்த்த உடனே யாரோட கோடுன்னு சொல்லிடுவேன். அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை. மார்ச்சுல அதுவே தெரியல, உன் கோட்டை என்னோடதுன்னு நினைச்சுட்டேன். கை போனது போகட்டும். கண்ணும் போயிடுச்சோன்னு பத்து நாளா நான் தூங்கல, ஷெம்பா."

அவர் என்மேல் கோபமாகப் பேசாமல் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயந்துபோய் இருந்திருக்கிறார். ஆசைப்பட்டு நம்பினார், அதனால் தெரியவில்லை. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இதைச் சொன்னேன். நம்பினாரா தெரியாது.

சூட்கேஸை இழுத்துக்கொண்டுவந்து திறந்து காட்டினேன். மத்தியானம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து அவருடைய மஞ்சள் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரே அடுக்கி, ஓரம் சரிபார்த்து, திரும்ப வைத்து மூடினார்.

மே 12, ஞாயிறு

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நான் அன்னைக்கே கேட்டேன்லா, அவுகளுக்குத் தெரியுமான்னு. பால் பொங்குதுன்ன."

"பொங்கலக்கா."

"தெரியும்டி. நீ பால் காய்ச்சினா பக்கத்துலயே நிப்ப. பொங்க விடமாட்டியே."

பிறகு, "மாப்ளை சாப்பிடுதாகளா?" என்றாள். சாப்பிடுகிறார் என்றேன். "அப்ப விடு," என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அக்கா சொன்னதும் போனைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

மே 20, திங்கள்

இஷிகுரோ-சான் உறை இல்லாமல் வந்தாள். அவள் வெறுங்கையோடு வந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றவே தயங்கினாள்.

ஹதானோ-சானுக்குக் கோபம்தான் என்றாள். வெளியாள் ஒருவர் ஒப்பந்தம் இல்லாமல் இத்தனை மாதம் தொடரை வரைந்தது சின்ன விஷயம் இல்லை. மேற்பார்வையிலிருந்து இவர் பெயரை எடுத்துவிட்டார்கள். இவர் நின்று, நன்றாகக் குனிந்து, மன்னிப்புக் கேட்டார். நானும் பக்கத்தில் குனிந்தேன். மூன்று பேரும் குனிந்துகொண்டே இருந்தோம், யார் முதலில் நிமிர்வது என்று தெரியவில்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "பிப்ரவரிலேர்ந்து ஹமாகோ முகத்துல ஏதோ ஒரு தெளிவு வந்திருக்குன்னு ஹதானோ-சான் சொல்லிட்டே இருந்தார். மேற்பார்வை எல்லாம் இல்ல. மத்தவங்க மாதிரி, உங்க பேர்ல, கொஞ்சம் ஷாட் வரைஞ்சு பார்க்கறீங்களான்னு கேட்டு வரச் சொன்னார்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவரை வெளியே தள்ளிவிட்டு அதே வாசல் வழியாக நான் உள்ளே நுழைவதா?

"செய்வா," என்றார் அவர்.

எனக்காகப் பதில் சொல்ல இவர் யார் என்று இருந்தது. ஆனால் அவர் சம்பளம் நின்றுவிட்டது, செய்தாகத்தான் வேண்டும். எனக்கு ஆசையாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அவருடைய மேசையில்தான் இப்போது என் வேலை. நாற்காலி உயரத்தை மாற்றவில்லை, காலுக்கடியில் பழைய தொலைபேசிப் புத்தகங்களை வைத்துக்கொள்கிறேன். அவர் இந்த அறைக்குள் வருவதில்லை. பாத்திரம் தேய்க்கிறார், துணி மடிக்கிறார். இன்று ஒரு கோப்பை உடைந்தது. சத்தம் கேட்டு நான் எழவில்லை. எழுந்தால் அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். உட்கார்ந்திருந்தது கஷ்டமாக இருந்தது.

ஜூன் 18

நான் அனுப்பியதெல்லாம் மஞ்சள் தாளோடு திரும்பி வந்திருக்கிறது. வாசல் பெருக்கும் ஷாட்டில் துடைப்பம் ஒடிகிறதாம். சாலிகிராமத்தில் இருந்தபோது வந்த அதே எரிச்சல். இந்த வயசிலுமா?

ஜூன் 25, செவ்வாய்

பையன் குளியலகத்து வாசலுக்கு ஓடி வரும் ஷாட். மூன்று நாளாக வரவில்லை. காகிதம் கிழிந்ததுதான் மிச்சம்.

டீ கொண்டுவந்தார். வழக்கமாக வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர், இன்று உள்ளே வந்தார். கோப்பையை வைத்தபோது பாதி சிந்தியது. இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம். என் தாள்களை எடுத்தார். விரலால் புரட்டப் பார்த்தார், நழுவிப்போய்த் தரையில் விழுந்தன. நான் பொறுக்கி எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்துப் புரட்டினேன்.

"இன்னொரு தடவை."

புரட்டினேன்.

"பையன் கால் தரையில படவே இல்ல. மிதக்கறான். ஒரு படத்துல முழங்காலை மடக்கி உடம்பை இறக்கு, அவனுக்கு எடை வரும்."

இறக்கினேன். எடை வந்தது. கண் போகவில்லை என்று நான் சொன்னபோது நம்பாத மனிதர், இப்போது அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தரையில் சிந்தின டீயைத் துடைக்கத் துணி எடுத்துவரப் போனார்.

ஜூலை 13, சனி

அவர் பெயர் வருகிற கடைசிக் கதை இன்று. வேலையை விட்ட பிறகும் பெயர் மட்டும் இத்தனை நாள் வந்துகொண்டிருந்தது, ஏப்ரலில் அனுப்பியவை தீரும் வரை. முன்பெல்லாம் கண் சிமிட்டும் நேரம் என்று எழுதியிருக்கிறேன். இன்றும் அவ்வளவு நேரம்தான்.

ஏப்ரலில் எழுந்து போனாரே, அப்புறம் வந்த இரண்டு கதைகளிலும் பெயர் ஓடுவதற்கு முன்பே போய்விட்டார். இன்று உட்கார்ந்திருந்தார். பெயர் வந்தது, போனது.

"அது உன்னோடது," என்றார்.

"பேர் உங்களோடதுதானே?"

சாப்பிட்டார். கரண்டியில்தான் இப்போது எளிதாக இருக்கிறது. சாப்பிடும் குச்சிகளை நான் மேசையில் வைப்பதில்லை, அவரும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 9

வெயில். அவர் குளியலறையில் விழுந்தார். அடி இல்லை. 'தரை ஈரம்' என்றார். தரை ஈரம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

இரண்டு நாளாக இருவருக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. நான் காலையிலேயே வீட்டை இரண்டு முறை பெருக்கிவிட்டேன். அவர் தாடி மழித்துக்கொண்டார், கன்னத்தில் கீறல். யாரோ விருந்தாளி வருகிற மாதிரி இருந்தது, வரப்போவது தொலைக்காட்சியில் ஒரு பெயர்.

என் ஷாட்டுகள் கொஞ்சம்தான். ஹமாகோ வாசலில் துடைப்பத்தோடு வந்து நிற்கிறாள். பையன் ஓடி வருகிறான், கால் தரையில் படுகிறது. அந்த இடம் வந்தபோது அவர் முழங்கால் லேசாக ஆடியது. நடுக்கமா, பையனோடு சேர்ந்து ஓடினாரா, தெரியவில்லை.

கதை முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. நான் தட்டை எடுக்க எழுந்தேன். என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார். நல்ல நாளென்று ஊர்ச் சேலை கட்டியிருந்தேன், அதை இதுவரை எழுதவில்லை. உட்கார்ந்தேன்.

மேற்பார்வை என்ற இடத்தில் வேறொருவர் பெயர் வந்தது. அவர் அதை உதட்டுக்குள் படித்தார். அதற்குக் கீழே வரைந்தவர்கள் பட்டியல், கூட்டமாக. நடுவில் ஓரிடத்தில் நிஷிதானி செண்பகவல்லி என்று வந்தது. இந்த ஊர் எழுத்தில் என் பெயர் ரொம்ப நீளம், பக்கத்தில் இருப்பவரை இடித்துக்கொண்டு நின்றது. வந்தது, போனது. பெயர் ஓடி முடியும்வரை இருந்து, விளம்பரம் வந்த பிறகுதான் அவர் டிவியை அணைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முழங்காலை மடக்க அவருக்கு நேரம் பிடித்தது. ஆடுகிற கையை மற்ற கையால் பிடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார். முதுகை நிமிர்த்தி, பிறகு நன்றாகக் குனிந்தார்.

"ஒட்சுகாரேசமா," என்றார்.

இத்தனை வருஷத்தில் அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் 'வந்துட்டேன்', போனால் 'போய்ட்டு வரேன்', அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. அழுதுகொண்டே நானும் மடக்கி உட்கார்ந்து, அதே வார்த்தையைச் சொல்லிக் குனிந்தேன். அவரும் களைத்துத்தான் இருந்தார்.

பிறகு சோறு போட்டேன். ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டோம்.